நாமக்கல் போட்ட கணக்கு

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் மே மாதத்தில் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த ஃப்ளெக்ஸ் பேனர்கள் மறந்திருக்காது. வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள், ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண். கணிதத்தில் இத்தனை சென்டம், கட்-ஆஃப் 200க்கு 200 இத்தனை பேர். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே எழும்பிய விடுதிப் பள்ளிகளின் பேனர்கள் அவை. ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலி பேசியவர்களும் தங்கள் பிள்ளைக்கு இடம் கேட்டு அங்கேதான் நின்றார்கள்.

நிற்கக் காரணம் இருந்தது. நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006ல் சட்டம் வந்தபின், மருத்துவமோ பொறியியலோ, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கட்-ஆஃப் கணக்கு. கால் மதிப்பெண்ணில் கல்லூரியே மாறிப்போகும். நாமக்கல் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தது. விடியற்காலையில் ஸ்டடி, இரவில் ஸ்டடி, நடுவில் டெஸ்ட். அப்படி இடம் பிடித்த பிள்ளைகள் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளைப் பார்த்து விழி பிதுங்கினால் அது பள்ளியின் கவலை இல்லை. ரிசல்ட் விளம்பரம் அதற்குள் வந்து முடிந்திருக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, கிராமத்தில் முதலிடம் எடுத்த பிள்ளையின் வீட்டுக்கே ஆள் வரும். கட்டணம் வேண்டாம், ஹாஸ்டலும் இலவசம். நன்றாகப் படிக்கிற பிள்ளையை இப்படிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அந்த முகத்தைப் பேனரில் போட்டு, லட்சக்கணக்கில் கட்டக்கூடிய மற்றவர்களை இழுப்பார்கள். பேனரில் சிரிப்பது பள்ளியின் திறமையா, ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு இருந்த திறமையா?

2017ல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்தது. அதே ஆண்டு மாநில ரேங்க் அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. நாமக்கல் ஓய்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஓயவில்லை, போர்டை மாற்றிக்கொண்டது. அதே வளாகங்களில் நீட் பயிற்சி, அதிலும் ‘ரிபீட்டர்’களுக்குத் தனி பேட்ச். எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17ல் 12.47 சதவீதம், 2020-21ல் 71.42 சதவீதம் என்கிறது நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கை. பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, பயிற்சிக்கும் பணம் கட்ட எத்தனை குடும்பங்களால் முடியும்?

ஆக, எந்தத் தேர்வை வைத்தாலும் பணம் அதற்கு வழி கண்டுபிடித்துவிடுகிறது. நான் பார்த்தவரையில், நிலைமையை அசைத்தது தேர்வு மாற்றம் அல்ல. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்று அரசு கேட்டதுதான். 2019ல் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் வெறும் 6 பேர். 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த ஆண்டே 300க்கு மேல். மறுவருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று அது விரிந்தது. கலந்தாய்வில் இடம் வாங்கிய கையோடு பணத்துக்கு அலைய வேண்டாம் என்று கட்டணத்தையும் அரசே ஏற்றது.

அடுத்த ஜூனில் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரிசப்ஷனில் மாட்டியிருக்கும் அந்த முகங்களைக் காட்டி இரண்டு கேள்விகள் கேளுங்கள். இவர்கள் இங்கே சேரும்போது பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண்? நீட்டை எத்தனையாவது முறை எழுதி ஜெயித்தார்கள்? பதில் வந்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.