வண்டி வைத்திருப்போர் சொல்

புதிதாக வண்டி வாங்க எண்ணுகிறவர் முதலில் என்ன செய்கிறார்? கடைக்குப் போய் விலை கேட்பதற்கு முன்பே, அதே வண்டியை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, "எப்படி ஐயா, வண்டி ஏதும் தொல்லை தருகிறதா?" என்று விசாரிக்கிறார். மாடு பிடிக்கச் சந்தைக்குப் போன நம் பாட்டன்மார், சுழி பார்த்ததும் பல்லைப் பிடித்துப் பார்த்ததும் போதாதென்று, விற்பவனுடைய அண்டை வீட்டுக்காரனிடமும் ஒரு வார்த்தை கேட்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. பழக்கம் நல்லதே. ஆனால் அவ்வாறு கிடைத்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடும் என்பதை நேயர்களோடு சேர்ந்து இன்று ஆராய விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டில் நடுத்தர அளவு எஸ்.யு.வி. என்று வழங்கும் வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். சாதாரணக் காரைவிட உயரமாக இருந்து, குடும்பம் முழுவதையும் மூட்டை முடிச்சுகளோடு ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. இந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அவை லட்சக்கணக்கில் விற்பனையானவை. அவற்றின் குறைகள் அரசாங்கப் பதிவேடுகளிலும் நீதிமன்றங்களிலும் ஏறியிருக்கின்றன. ஆகவே வாய்ச்சொல்லையும் உண்மையையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே இடம் இருக்கிறது.

ஒரே தெருவில் இருவர் ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர், "ஏழு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஓர் ஆணி கூடக் கழலவில்லை" என்கிறார். மற்றவர், "மூன்றாம் ஆண்டே கியர்ப்பெட்டி போயிற்று, இந்தப் பக்கமே வராதீர்" என்கிறார். இவர்களில் பொய் சொல்பவர் யார்? இருவரும் அல்லர். நூற்றுக்கு ஐந்து வண்டிகளில் கியர்ப்பெட்டி கெடும் என்றால், அந்த ஐவரில் ஒருவருக்கு அது முழுத் துன்பம். மிகுந்த தொண்ணூற்றைவருக்கு அது செவிவழிச் செய்தி. தனி ஒருவருடைய அனுபவம் என்பது ஒரு சீட்டுக் கட்டிலிருந்து உருவிய ஒரே ஒரு சீட்டு. அதைக் கொண்டு கட்டு முழுவதும் எத்தகையது என்று கூற முடியாது.

இதில் காலத்தின் பங்கும் இருக்கிறது. யந்திரங்களின் பழுதைக் காலவரிசைப்படி வரைந்து பார்த்தால், குளியல் தொட்டியைக் குறுக்கே வெட்டியது போன்ற வடிவம் கிடைக்கும் என்று பொறியியலார் கூறுவர். தொடக்கத்தில் தொழிற்சாலையில் நேர்ந்த பிழைகள் வெளிப்படுவதால் பழுது மிகுதி. பிறகு நெடுங்காலம் அமைதி. கடைசியில் தேய்மானம் மிகுந்து மறுபடியும் ஏற்றம். வண்டி வாங்கி ஆறு மாதம் ஆனவரும், நான்காம் ஆண்டில் இருப்பவரும், பத்து ஆண்டு ஓட்டியவரும் அந்தத் தொட்டியின் மூன்று வேறு இடங்களில் நின்று பேசுகிறார்கள். எங்கே நிற்கிறார் என்று கேட்காமல் அவர் சொல்லை எடை போடுவதில் பயனில்லை.

அப்படியானால் பலருடைய சொல்லைத் திரட்டினால் என்ன? அதைத்தான் அமெரிக்காவில் 1936-இல் தோன்றிய நுகர்வோர் சங்கம் ஒன்று செய்து வருகிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பத்திரிகையை நடத்தும் அந்தச் சங்கம், ஆண்டுதோறும் தன் உறுப்பினர்களிடம் வண்டியில் கண்ட குறைகளைக் கேட்டுத் தொகுக்கிறது. 1968-இல் தொடங்கிய ஜே.டி. பவர் என்ற நிறுவனமோ, மூன்று ஆண்டு ஆன வண்டிகளின் சொந்தக்காரர்களை விசாரித்து, நூறு வண்டிகளுக்கு இத்தனை குறை என்று கணக்கிடுகிறது. இந்த இரண்டாவது கணக்கில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொலைபேசி வண்டியின் வானொலியோடு சரியாக இணையவில்லை என்பதும் ஒரு குறை. எஞ்சின் நின்றுவிட்டது என்பதும் ஒரு குறை. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாக எண்ணப்படுகின்றன. கொசுக்கடியையும் பாம்புக்கடியையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டினால் வரும் தொகையை வைத்துக்கொண்டு மருத்துவன் என்ன செய்வான்? முதலில் சொன்ன சங்கம் குறையின் கடுமைக்குத் தக்கபடி எடை கொடுக்கிறது. அதுவே முறை என்பது என் கருத்து.

எண்ணிக்கையால் கிடைக்காத ஒன்று, கூர்ந்து நோக்கும் சொந்தக்காரரிடமிருந்து கிடைப்பதுண்டு. நிஸான் கம்பெனியின் பாத்ஃபைண்டர் என்ற வண்டியில் 2005 முதல் 2010 வரையுள்ள மாதிரிகளில் நேர்ந்தது இதற்குச் சான்று. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் நீர் ரேடியேட்டரில் ஓடுகிறது. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெயும் சூடாகுமாதலால், அதைத் தணிக்கும் சிறு குழாயமைப்பை அந்த ரேடியேட்டருக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள். நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே இருந்த சுவரில் விரிசல் கண்டால் என்ன ஆகும்? இரண்டும் கலந்து, நம் ஊர் ரோஸ் மில்க்கைப் போல் இளஞ்சிவப்பாக நுரைக்கும். அந்த நீர் கியர்ப்பெட்டிக்குள் புகுந்தால் அங்குள்ள உராய்வுத் தகடுகள் ஊறிக் கெடும். சில நூறு டாலர் பெறும் ரேடியேட்டரால் பல ஆயிரம் டாலர் பெறும் கியர்ப்பெட்டி அழியும். இதில் வியப்பு என்னவென்றால், கியர்ப்பெட்டி கெட்டது என்றுதான் ஒவ்வொருவரும் எண்ணினார். நோய் ஓரிடம், வலி ஓரிடம். பலர் தங்கள் அனுபவத்தை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே மூல காரணம் பரவலாகத் தெரிந்தது. அறிந்தவர்கள் கியர் எண்ணெய்க்கு வெளியே தனியாக ஒரு குளிர்விப்பானைப் பொருத்தி, ரேடியேட்டர் வழியை அடைத்துவிட்டார்கள். பின்னர் வழக்குகள் நடந்தன. கம்பெனியும் இந்தப் பழுதுக்கான உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது.

பணத்தோடு போன கதை இது. உயிரோடு போன கதையும் உண்டு.

ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் என்ற வண்டி 1990-இல் சந்தைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் அதன் இனத்திலேயே மிகுதியாக விற்றது அதுதான். எஞ்சின் எப்படி, கியர் எப்படி என்று சொந்தக்காரர்களைக் கேட்டிருந்தால் பெரும்பாலோர் நல்ல சொல்லே சொல்லியிருப்பார்கள். குறை இருந்தது எவரும் வண்டியின் உறுப்பாகவே எண்ணாத ஒன்றில், அதாவது டயரில். ஃபயர்ஸ்டோன் கம்பெனி செய்த 15 அங்குல டயர்கள் பல எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தன. டயரின் உள்ளே எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ரப்பரில் பதிந்து கிடக்கும். வெப்பத்தாலும் வயதாலும் அவற்றின் பிடிப்புத் தளர்ந்தால், வேகமாக ஓடும்போது மேற்பட்டை தரையைத் தொடும் ரப்பரோடு சேர்ந்து தோல் உரிவதுபோல் உரிந்து போகும். காற்று குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து வளைந்து நிமிரும். அந்த வளைவே வெப்பமாக மாறும். இந்த வண்டிக்குக் கம்பெனி விதித்திருந்த காற்றழுத்தமோ சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. கோடையில் நெடுஞ்சாலை, நிறைந்த பாரம், அதிக வேகம், சற்றே குறைந்த காற்று - இவை ஒன்றுகூடிய இடத்தில் டயர் உரிந்தது. உயரமான வண்டியாதலால், திடீரென்று பின்பக்கம் இழுக்கப்பட்டு ஓட்டுநர் திருப்ப முயன்றபோது அது உருண்டு கவிழ்ந்தது.

விபத்துகள் டெக்ஸஸ், ஃப்ளோரிடா, அரிஸோனா போன்ற வெயில் மிகுந்த மாநிலங்களில்தான் மிகுதி. ஆயினும் ஒவ்வொரு விபத்தும் தனித்தனிக் குடும்பத்தின் துயரமாகவே இருந்தது. கல் குத்தியிருக்கும், ஓட்டுநர் தூங்கியிருப்பார் என்று முடிந்துபோன வழக்குகள் எத்தனையோ! இறந்தவர் வந்து தம் அனுபவத்தைச் சொல்லப் போவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. சொந்தக்காரரின் சொல்லை மட்டும் நம்புவதில் உள்ள பெரிய ஓட்டை அதுவே.

அந்த ஓட்டையின் வழியே உண்மையைக் கண்டவர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர். ஸ்டேட் ஃபார்ம் என்ற கம்பெனியில் பணியாற்றிய சாம் பாய்டன் என்பவர், இழப்பீடு கேட்டு வந்த காகிதங்களைப் புரட்டும்போது ஒரே வகை டயர் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். 21 நிகழ்ச்சிகளைத் தொகுத்து, 1998 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. 1999-இல் வளைகுடாப் பகுதியில் ஃபோர்டு கம்பெனி தானாகவே அந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டில் செய்வதை உள்நாட்டு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை; ஆகவே அதுவும் தெரியாமற் போயிற்று. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இந்த விபத்துகளைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதைப் பார்த்தபின், தமக்கும் இவ்வாறே நேர்ந்தது என்று பலர் முறையிடத் தொடங்கினர். மே மாதம் விசாரணை தொடங்கிற்று. ஆகஸ்டில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டு மேலும் 130 லட்சம் டயர்களை மாற்றப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் இறந்தவர் தொகை 271 என்று கணக்கிடப்பட்டது.

டயர்க்காரர் வண்டியைக் குறை கூற, வண்டிக்காரர் டயரைக் குறை கூற, ஹென்றி ஃபோர்டு காலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீடித்த வாணிகத் தொடர்பு 2001-இல் முறிந்தது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. டயரில் குறை உண்டு என்று அரசாங்கம் முடிவு கூறியது. வண்டியின் அமைப்பைத் தனியே விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2002-இல் மறுத்துவிட்டது. நமக்கு வேண்டியது வேறு. 1998-இல் கையில் இருந்த 21 காகிதங்களுக்கும் 2000-இல் நடந்த நடவடிக்கைக்கும் இடையே கழிந்த இரண்டு கோடைகளைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

2000 நவம்பரில் அமெரிக்காவில் புதுச் சட்டம் பிறந்தது. முறையீடுகள், இழப்பீட்டுக் கோரிக்கைகள், வெளிநாட்டில் திரும்பப் பெற்றவை ஆகியவற்றைக் கம்பெனிகள் தாமே அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநர்முன் விளக்கெரியும் ஏற்பாடு அங்கே 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதற்கு இடம் செய்தது. ஒரு மாதிரி வண்டியின் சொந்தக்காரர்களில் குறித்த விகிதத்தினர் ஒரே குறையைத் தெரிவித்தால், அந்த மாதிரியைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு கட்டளையிடலாம் என்பது அதன் 110-ஏ பிரிவில் உள்ளது. இங்கே சொந்தக்காரரின் புலம்பல், எண்ணப்படும் சான்றாக மாறுகிறது.

ஆகவே என்னிடம் வண்டியைப் பற்றி யோசனை கேட்பவர்களிடம், நான்கு பேரை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. விசாரிக்கும்போது, வண்டி நல்லதா கெட்டதா என்று கேளாமல், வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, எண்ணெய் எப்போது மாற்றினீர், எந்த உறுப்பை மாற்ற எவ்வளவு செலவு என்று கேட்கச் சொல்கிறேன். டயரின் பக்கத்திலும் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது பிறந்தது என்று பொருள். ஓடாத வண்டியின் டயருக்கும் வயது ஏறும். பின்கதவுக்குக் கீழே எவரும் பாராமல் கிடக்கும் மாற்றுச் சக்கரத்துக்கும் அப்படியே.