கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

"மூணு மாசம் சாப்பிட்டேன், ரிப்போர்ட் நார்மலா வந்துடுச்சு, நிறுத்திட்டேன்." கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர் நிம்மதியோடு சொல்லும் வாக்கியம் இது. கேட்கும் மருத்துவருக்கோ கவலை பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட்டை நார்மலாக்கியதே அந்த மாத்திரைதான். நிறுத்திய சில வாரங்களிலேயே எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். ஏறுவது உடம்புக்குத் தெரியாது. வலி இல்லை, மயக்கம் இல்லை. பலருக்கு மாரடைப்புதான் முதல் அறிகுறி.

கல்லீரலில் நடக்கும் வேலை

"எண்ணெயே தொடுவதில்லை, எனக்கு எப்படிக் கொழுப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை, கொழுப்பு மாத்திரைகளான ஸ்டாட்டின் மருந்துகள் தடுக்கின்றன. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குவது இப்படித்தான்.

இதற்கு வழிகாட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் பென்சிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சிம்வாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ரிப்போர்ட்டில் எண்ணை இறக்குவது மட்டும் இந்த மருந்தின் நோக்கமல்ல. ஆளைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

அதனால்தான் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோருக்கு எல்.டி.எல். சாதாரண அளவில் இருந்தாலும் மருத்துவர் இதை எழுதுகிறார். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் தருகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிட்டு "எனக்கு எதற்கு?" என்று முடிவு செய்ய வேண்டாம்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

நம் ஊரில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஒரே மருந்து கடைகளில் எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. ஆஸ்பிரினோடு சேர்த்து ஒரே கேப்சூலாகவும் வருகிறது. இதய மருத்துவர் ஒரு பெயரில் எழுதியிருப்பார், சர்க்கரை மருத்துவர் இன்னொரு பெயரில் எழுதுவார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் நோயாளி இரண்டையும் விழுங்குவார். அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் மூலப்பெயரை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேறு மருந்துகள் சேரும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், படர்தாமரைக்குத் தரும் இட்ரகோனசோலும் சில ஸ்டாட்டின்களை உடலில் தேக்கிவிடும். தொண்டை வலிக்கோ தோல் அரிப்புக்கோ போனாலும் "கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சில நாட்களுக்கு எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சிம்வாஸ்டாட்டினை இரவில் எடுத்துக்கொள்வது நல்லது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் எடுக்கலாம்; தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

தசைவலி பற்றி

இந்த மாத்திரையைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் தசைவலி. அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது, அதை முழுக்க நம்பிவிடவும் கூடாது. பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேரிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-ல் வெளியானது. சில மாதங்கள் அசல் மருந்து, சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அசல் மாத்திரை தந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. அவர்கள் பட்ட வலி நிஜம்தான். அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மருந்தல்ல. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள்.

ஆனாலும் மருந்தாலேயே தசை பாதிக்கப்படுபவர்கள் உண்டு. இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் புதிதாக வலியோ சோர்வோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் வைட்டமின் டி பற்றாக்குறையும் இதே போன்ற வலியைத் தரலாம் என்பதால் அவற்றையும் சோதிப்பார். மருந்தே காரணம் என்றாலும் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசிடிமைப் போன்ற வேறு வகை மருந்தைத் தரலாம்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றும் இருக்கிறது. தாங்க முடியாத தசைவலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், வரக்காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவை தசை சிதைவதற்கான அடையாளம். மிக அபூர்வமாகவே வரும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண் மஞ்சளானாலும் அப்படியே.

சர்க்கரையும் கல்லீரலும்

சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர்களுக்கு இந்த மருந்து சர்க்கரையைச் சற்று ஏற்றலாம். மாரடைப்பைத் தடுப்பதால் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது என்பதால் மருத்துவர்கள் மருந்தைத் தொடரவே சொல்கிறார்கள். கல்லீரலுக்குத் தொடக்கத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது போதும். பிறகு தொந்தரவு இருந்தால் பார்ப்பார்கள். கொழுப்புப் பரிசோதனையை, மருந்து தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் செய்துகொள்ள வேண்டும்.

பூண்டு, வெந்தயம், கொள்ளு எல்லாம் நல்ல உணவுதான், சாப்பிடுங்கள். நடைப்பயிற்சியும் வேண்டும், புகையை விட்டேயாக வேண்டும். மாரடைப்பு வந்து மீண்டவருக்கு இவை எதுவும் மாத்திரையின் இடத்தை நிரப்பாது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து நிறுத்த நினைத்தால், அந்த வீடியோவையே மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.