சுருக்கம் முந்துமா, மங்கு முந்துமா?

வயது ஏறுவது எல்லாப் பெண்களின் முகத்திலும் ஒரே மாதிரி தெரிவதில்லை. 20 முதல் 60 வயது வரையிலான 160 சீனப் பெண்களையும் 160 பிரெஞ்சுப் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. சீனப் பெண்களுக்குச் சுருக்கம் விழுவது சுமார் பத்தாண்டு தள்ளிப்போயிருந்தது. ஆனால் கருந்திட்டுகள் அவர்களுக்குத்தான் அதிகம். வெள்ளைத்தோலில் முதுமை கோடாக வருகிறது. நிறம் கூடிய தோலில் பெரும்பாலும் கறையாக வருகிறது.

காரணம் மெலனின். இந்த நிறமியைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது அவை செய்து அனுப்பும் நிறமித் துணுக்குகள். வெளுத்த தோலில் அவை சிறியவை. கொத்தாகச் சேர்ந்து, சீக்கிரமே சிதைந்துவிடும். கருத்த தோலில் அவை பெரியவை; தனித்தனியே பரவி, மேல்தோலின் உச்சி வரை அழியாமல் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கமாக அவை குடைபோலக் கவிந்திருப்பது தெரியும். உள்ளே இருக்கும் டிஎன்ஏவுக்கான காவல் அது.

அந்தக் காவலின் வலுவை 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். புற ஊதா 'பி' கதிரில் வெள்ளையரின் மேல்தோல் சுமார் 29 சதவீதத்தைக் கீழே விட்டது. கறுப்பரின் மேல்தோல் விட்டது 7 சதவீதம்தான். இன்னும் ஆழத்துக்குப் போகும் 'ஏ' கதிரில் இந்த அளவுகள் 55, 17. கீழே இறங்கும் கதிர், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. கொலாஜன் குறைந்தால் தோல் தொய்ந்து மடிகிறது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு மெல்லிய கோடுகள் தாமதமாக விழுவது இதனால்தான். அவர்களுக்கு வயதைக் காட்டுவது கன்னச் சதை இறங்குவதும் கண்ணுக்குக் கீழ் பை கட்டுவதும்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. சுறுசுறுப்பான நிறமிச் செல், சின்னத் தொந்தரவுக்கும் மையைக் கக்கிவிடும். பரு ஆறினால் கறுப்புத் தழும்பு. நூல் போட்டுப் புருவம் திருத்திய இடத்தில் எரிச்சல் கண்டால் அங்கேயும் நிழல் தட்டும். கர்ப்ப காலத்தில் கன்னத்திலும் மேலுதட்டிலும் 'மங்கு விழுவதை' நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஹார்மோனும் வெயிலும் கைகோத்துச் செய்யும் வேலை அது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருத்த தோலை வாரக்கணக்கில் கறுக்க வைக்கும் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளுத்த தோலில் அதே ஒளி அப்படிச் செய்யவில்லை.

இனத்தை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை ஆய்வாளர்கள் நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல், விருப்பப்படி பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே நிறம். வேறுபாட்டைத் தந்தது பழக்கம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் கரைவதற்கும் இனத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நம் பெண்களில் பெரும்பாலோருக்கும் நிறம் கூடிய தோல்தான்; அவர்களுக்கான ஆலோசனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளைத்தோலுக்காக எழுதப்பட்ட 'சுருக்க நீக்கி' அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயன் குறைவு. நமக்கு முதல் தேவை, திட்டு விழாமல் காப்பது. சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சரியாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசுங்கள். ஜன்னலோரம் வேலை என்றாலும் பூசுங்கள், கண்ணாடி 'ஏ' கதிரை முழுதாக நிறுத்தாது.

மருந்துக்கடையில் 'மங்கு கிரீம்' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றில் பலவற்றில் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, நிறுத்தியதும் மங்கு மேலும் கறுத்துத் திரும்பும். தோல் மருத்துவரின் சீட்டு இல்லாமல் அந்த டியூபை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.