வடசென்னையில் மூணு கோயில், ஒரு கடல்

வடசென்னைன்னா ஹார்பர், கண்டெய்னர் லாரி, எண்ணூர் புகைபோக்கி, இவ்வளவுதான் பல பேருக்கு ஞாபகம் வரும். ஆனா ராயபுரத்துல ஆரம்பிச்சு திருவொற்றியூர் வரைக்கும் ஒரே நாள்ல பார்க்கக்கூடிய மூணு வழிபாட்டு இடங்களைப் பத்திதான் இந்த எபிசோட்.

முதல்ல புனித ராயப்பர் ஆலயம். தமிழ் கத்தோலிக்கர்கள் பேதுருவை ராயப்பர்னு சொல்வாங்க. ராயபுரங்கிற பேரே அதிலேருந்து வந்ததுன்னு சொல்றாங்க. 1829-ல இதைக் கட்டினது கவர்னரோ கம்பெனியோ இல்ல, படகோட்டிகள். அப்போ சென்னையில துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதுல ஆணி கிடையாது, பலகையைத் தென்னங்கயித்தால தைச்சிருப்பாங்க. அலை அடிச்சா விறைச்சு உடையாம வளைஞ்சு கொடுக்கணும்ல, அதுக்குத்தான். அந்தத் தொழில்ல சேர்ந்த நிதியிலதான் ஆலயம் எழும்பிச்சு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, மேற்கு மாதா கோயில் தெருவுல, பார்சிகளோட அக்கினிக் கோயில் இருக்கு. மகன் ஜால் நினைவா பிரோஜ் கிளப்வாலா 1910-ல கட்டினது. தமிழ்நாட்டுல பார்சிகளுக்கு இருக்கிற ஒரே கோயில் இதுதான். பார்சி அல்லாதவங்களுக்கு உள்ளே அனுமதி இல்ல. வெளியிலேருந்து பார்த்துட்டு வாங்க, கேட்ல நின்னு வாக்குவாதம் வேணாம்.

அடுத்து திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். மெட்ரோல திருவொற்றியூர் தேரடியில இறங்கினா பக்கம். மூலவர் ஆதிபுரீஸ்வரர், புற்று வடிவம். வருஷம் முழுக்க கவசத்தோடதான் இருப்பார். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் திறப்பாங்க. கருவறையைச் சுத்தும்போது விமானத்தோட பின்பக்கத்தைக் கவனிங்க. யானை படுத்திருக்கிற முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். ராஜேந்திர சோழன் காலத்துல கருங்கல்லால எடுத்தது. கட்டின சிற்பி பேர்கூடக் கல்வெட்டுல இருக்கு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். பெரிய கோயில் பலதுல ராஜா பேர் இருக்கும், வேலை செஞ்சவர் பேர் கிடைக்கிறது அபூர்வம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செஞ்ச மகிழ மரக் கதையும் இந்தக் கோயிலோடதுதான். பக்கத்துல கடலோரமா பட்டினத்தார் சமாதியும் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க.

இப்போ கடல் விஷயத்துக்கு வருவோம். நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பகுதி நாள் தெற்கிலேருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில துறைமுகச் சுவர் எழும்பினதும் அந்த மணல் தடைபட்டுச்சு. தெற்கே சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வராம கரை அரிச்சுது. கப்பல் நேரா கரையில கட்ட ஆரம்பிச்சதால மசூலா படகுக்கும் வேலை போச்சு. ஆலயம் கட்டின தொழிலே காணாம போயிடுச்சு. மெரினாவுல நாம காத்து வாங்குறோம், அதே மாற்றத்துல இங்கே குப்பத்து வீடுகள் கடலுக்குள்ள போயிருக்கு. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமா கொட்டியிருக்கிற பாறாங்கல் எதுக்குன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

போறதா இருந்தா காலையிலேயே கிளம்புங்க. மதியம் கோயில் நடை சாத்திடுவாங்க. ஆலயத்துல பூசை நடந்தா போட்டோ எடுக்காதீங்க. முடிச்சுட்டு காசிமேடு பக்கம் போய் மீனவர்கள்கிட்ட பேசிப் பாருங்க. கரை முன்னாடி எங்கே இருந்துச்சுன்னு கை நீட்டிக் காட்டுவாங்க.