ஓய்ந்த சங்கம் மீண்டும் நடக்கும் வகை

1929-ம் வருஷத்துக்குப் பின் உலக வியாபார மந்தத்தால் நிலக்கடலை, பருத்தி முதலியவற்றின் விலை வீழ்ந்தது. சென்னை மாகாணத்துக் கிராம நாணய சங்கங்கள் பலவற்றில் வாய்தா தவறிய பாக்கி ஏறி, வேலை ஓய்ந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குடியானவர் பலரும் இப்பயிர்களை ரொக்கத்துக்கு நம்பியிருந்தனர்.

விலை வீழ்ச்சி மட்டுமே சங்கத்தை முடக்குவதன்று. பாக்கிதாரர் வெட்கத்தால் கூட்டத்துக்கு வாரார். அதைக் கண்டு மற்றவரும் செலுத்தத் தயங்குவர். வசூலின்றி மத்திய பாங்கு புதுக்கடனை நிறுத்தும். அக்காலக் கிராம சங்கங்களில் பொறுப்பு வரம்பற்றதாதலால், ஒருவர் பாக்கி எல்லோரையும் பாதித்தது. இரண்டாம் உலகப் போரின்போது விலை ஏறவே, பலர் பழைய கடனைத் தீர்த்தனர். ஆனால் நல்ல விலை வரும் வரை காத்திருத்தல் வழியாகாது.

ஓய்ந்த சங்கத்தார் செய்யவேண்டியவை வருமாறு:

1. மாதந்தோறும் ஒரே தேதியில் கூடுக. வருவோர் ஐவராயினும் கூட்டத்தை ஒத்திவைக்கலாகாது.

2. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுக.

3. நிர்வாகிகள் தம் பாக்கியை முதலில் செலுத்துக.

4. கடலைக்காய் விற்ற வாரத்திலேயே வசூலுக்குச் செல்க. சிறு தொகையாயினும் பெற்று, அப்பொழுதே ரசீது கொடுக்க.

புதுக்கடன் பின்னர் வரும். ஒழுங்கு முன்னர் வரவேண்டும்.