சீறிய பூனையைச் சாக்கில் கட்டாதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக ஒரு பெட்டைப் பூனை இருந்தது. பிள்ளைகளின் மடியில் தூங்கும், திண்ணையில் வெயில் காயும். போன மழைக்காலத்தில் அந்த வீட்டுப் பையன், நனைந்து நடுங்கிய குட்டி ஒன்றைத் தூக்கிவந்து கூடத்தில் விட்டான். பெரிய பூனை முதுகை வளைத்துச் சீறியது. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள், விலக்கிவிடப் போன பாட்டியின் கையைப் பிறாண்டிவிட்டது. அன்று மாலையே அதைச் சாக்கில் கட்டி, மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். "அங்கே மீன் கிடைக்கும், பிழைச்சுக்கும்" என்றார் வீட்டுக்காரர். பால்சோறு தின்று வளர்ந்த பூனையை, சந்தையில் ஏற்கெனவே இருக்கும் கடுவன்களும் நாய்களும் அண்ட விடா என்பது அவருக்குத் தெரியவில்லை.

சீறும் பூனை பயந்துபோயிருக்கிறது. நாக்கை மடித்து, மூச்சை வேகமாக வாய்வழியே தள்ளும்போது எழும் ஒலி அது. பாம்புக்கும் பூனைக்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். இரண்டும் சீறுகின்றன, இரண்டும் சொல்வது "கிட்டே வராதே" என்பதைத்தான். காது தலையோடு படிந்து, கண்மணி அகல விரிந்து, மயிர் சிலிர்த்து நிற்கும் பூனை, சண்டை வேண்டாம் என்பதற்காகத்தான் அத்தனை பாடுபடுகிறது. அதற்காக அதை அடித்தால், அடுத்த முறை சீறாமலேயே கடிக்கப் பழகிவிடும்.

புது விலங்கின்மீது அத்தனை பயம் எதற்கு? பூனை தன் வீட்டை மோப்பத்தால் அறிகிறது. கன்னத்தைக் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கால்களிலும் உரசுவது, தன் வாசனையை ஏற்றி வைப்பதற்காக. அந்த வாசனைக்குள் அன்னிய வாடை ஒன்று நுழைந்தால் அதற்கு இருப்பிடமே பறிபோன மாதிரி. ஒன்றாக வளர்ந்த இரண்டு பூனைகளில் ஒன்று மருத்துவரிடம் போய்த் திரும்பினால், மருந்து வாடையால் மற்றது அதைப் பார்த்துச் சீறுவதும் உண்டு.

ஆகவே, புதிதாக வரும் பூனையைக் கூடத்தில் இறக்கிவிடக் கூடாது. தனி அறை, அது இல்லாத வீட்டில் ஒரு பெரிய கூண்டு, குறைந்தது இரண்டு வாரம். பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய் குட்டியோடு வந்திருந்தால் அதுவும் இந்த நாட்களில் தெரிந்துவிடும். இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு, இரண்டு பூனைகளுக்குமே போட வேண்டும். ஒன்று படுத்த துணியை மற்றது இருக்கும் இடத்தில் போடுங்கள். மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். துணியை மோந்துவிட்டுப் பேசாமல் போகிற அளவுக்குப் பழகியபின், கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஐந்து நிமிடம் பார்க்க விடுங்கள். சீறினால் மூடிவிட்டு நாளைக்குப் பாருங்கள். சில பூனைகளுக்கு இதற்கே மாதக்கணக்கில் ஆகும். பழைய பூனைக்குப் பரணோ பீரோவின் உச்சியோ எப்போதும் ஏறிக்கொள்ள இடமாக இருக்கட்டும். மலசலம் கழிக்கும் மண் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வேண்டும்.

புது வரவு நாய் என்றால் ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அது, பூனைக்கு விஷம். உடல் நடுங்கி, வலிப்பு வந்து செத்தும் போகலாம். மருந்து ஈரம் காயாத நாயைப் பூனை உரசினாலோ நக்கினாலோகூட ஆபத்துதான்.

புது விலங்கு எதுவும் வராமலே, தொட்டால் சீறுகிற பூனைக்கு எங்கோ வலி இருக்கலாம். கடுவன் பூனை அடிக்கடி மண் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம்; இப்படிப்பட்ட வீட்டுக் கலவரத்தின் மன உளைச்சலும் அதற்கு ஒரு காரணம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள். வலி தீரட்டும் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

அந்தப் பாட்டிக்கு நேர்ந்ததும் அடிக்கடி நடப்பதுதான். வெறியில் இருக்கும் பூனைக்கு யார் கை என்று தெரியாது. சண்டைக்கு நடுவே கையை நீட்டாமல், தடித்த போர்வையையோ அட்டையையோ இடையில் நுழைக்க வேண்டும். கீறியோ கடித்தோ விட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாயைப் போலவே பூனையாலும் வெறிநோய் பரவும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசி இலவசம். தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை போட வேண்டும். ரத்தம் கசிந்திருந்தால் முதல் நாளே இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை, கேட்டு வாங்குங்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கி, மேலே துளை மூடிக்கொள்ளும். மறுநாள் கை வீங்கினால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தச் சாக்குக்கும் சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. விஷம் வைப்பதும் ஊனமாக்குவதும் கொல்வதும் வேறு கணக்கு: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு, புகாரைக் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். பூனை கத்துகிறது, அப்புறப்படுத்து என்று அடுக்குமாடிச் சங்கம் நெருக்கினால், விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைக் காட்டுங்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் கைதூக்கினாலும் சங்கத்தால் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது.

எல்லாம் செய்தும் இரண்டும் ஒத்துவராத வீடுகள் இருக்கின்றன. அப்போது வேறு வீடு தேட வேண்டியது புதிதாக வந்த குட்டிக்கு. அதற்கு வயது துணை இருக்கிறது, எந்த வீட்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஆறு வருடம் ஒரே திண்ணையில் படுத்த பூனைக்கு அது எளிதல்ல.