கவனத்தைக் கேட்கும் விளம்பரமும் கடவுச்சொல்லைக் கேட்கும் விளம்பரமும்

புனே மாநகரை ஒட்டி, ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு அருகில் உள்ள வாகட் பகுதியில் எங்கள் கிளை இயங்கி வருகிறது. பணி நிமித்தம் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கிச் செல்ல வரும் பெற்றோரும் எங்கள் வாடிக்கையாளர்களே. சென்ற தீபாவளிக்கு முந்திய வாரத்தில், ஒரே நாளில் இருவர் தத்தம் கைப்பேசியுடன் எங்களைத் தேடி வந்தனர்.

முதலில் வந்தவர் மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவியபோது ஒரு காணொளியைக் காட்டினார். புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவர், சில வாரங்களில் பணத்தை இரட்டிப்பாக்கும் முதலீட்டுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். “அவரே தம் வாயால் சொல்கிறாரே, தம்பி!” என்றார் பெரியவர்.

அடுத்து வந்தவர், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தோசை மாவு அரைத்து விற்கும் பெண்மணி. அவரும் ஒரு காணொளியைக் காட்டினார். அதில் நடிகர் ஷாருக் கான், எங்கோ ஓர் ஊரிலுள்ள சிறிய கடையின் பெயரைச் சொல்லி, தீபாவளிக்கு அங்கே பொருள் வாங்குமாறு மக்களை அழைத்தார். “என் கடைப் பெயரையும் இப்படிச் சொல்ல வைக்க முடியுமா, சார்?” என்பது அவருடைய கேள்வி.

இரண்டு காணொளிகளும் ஏறத்தாழ ஒரே வகைத் தொழில்நுட்பத்தில் பிறந்தவை. ஒன்று உரியவரின் இசைவோடு உருவான புகழ்பெற்ற விளம்பரம், மற்றொன்று மோசடி. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு, நல்ல டிஜிட்டல் விளம்பரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கூவி விற்றதிலிருந்து கூடிப் பேசுவது வரை

விளம்பரம் என்பது நெடுங்காலம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது. நிறுவனம் பேசும், நாம் கேட்போம். அந்தக் காலத்திலேயே மக்களோடு உரையாடுவதுபோல் அமைந்தது அமுல் நிறுவனத்தின் விளம்பரப் பலகை. 1966 முதல் இன்றுவரை, புள்ளிச் சட்டை அணிந்த அந்தச் சிறுமி நாட்டு நடப்பைக் குறும்பாகச் சொல்லி வருகிறாள். வெண்ணெய் வாங்காதவரும் நின்று படித்தனர். இன்று அதே சித்திரங்கள் சமூக ஊடகங்களில் பகிரப்படுகின்றன.

கைப்பேசி பரவலான பிறகு, பதில் சொல்லும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது. அதில் இந்தியாவின் தனிப் பங்களிப்பு ‘மிஸ்டு கால்’. செலவில்லாமல் செய்தி சொல்ல நம் மக்கள் கண்டறிந்த வழி அது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் இதனை அடிப்படையாகக் கொண்டு ‘கான் கஜூரா டேசன்’ என்ற கைப்பேசி வானொலியைப் பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் தொடங்கியது. மின்தடையால் தொலைக்காட்சி எட்டாத கிராமங்கள் அவை. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். பாடல்களும் நகைச்சுவையும் கேட்கலாம். இடையிடையே நிறுவனத்தின் பொருள்களுக்கான விளம்பரம் வரும். சாதாரணக் கைப்பேசி போதும். கேட்பவருக்குச் செலவு இல்லை. 2014ஆம் ஆண்டு கான் விளம்பர விழாவில் இம்முயற்சி விருதுகளை வென்றது.

2019இல் உணவு விநியோக நிறுவனமான ஸ்விக்கி செய்தது வேறு வகை விளையாட்டு. இன்ஸ்டாகிராமில் குரல் செய்தி அனுப்பும்போது ஒலியின் ஏற்ற இறக்கம் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் கபாப் கம்பி போன்ற உணவு வடிவங்களில் அமையுமாறு குரல் எழுப்பி அனுப்புங்கள் என்று அந்நிறுவனம் சவால் விட்டது. இளைஞர்கள் வீட்டில் உட்கார்ந்து விதவிதமாகக் கத்திப் பார்த்தனர். பிறர் சொன்னதை மறந்துவிடலாம். தாமே செய்து பார்த்ததை எவரும் எளிதில் மறப்பதில்லை.

மாவுக்கடைப் பெண்மணி காட்டிய காணொளி, 2021ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கேட்பரி நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தைச் சேர்ந்தது. பெருந்தொற்றினால் நொடித்துப்போன உள்ளூர்க் கடைகளுக்குக் கைகொடுப்பது அதன் கருப்பொருள். பார்ப்பவர் வசிக்கும் பகுதிக்கு ஏற்ப, விளம்பரத்தில் அப்பகுதிக் கடைகளின் பெயர்கள் மாறி ஒலித்தன. சிறு கடைக்காரர்கள் தங்கள் கடை விவரங்களை அளித்துத் தமக்கென ஒரு காணொளியை உருவாக்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. ஷாருக் கான் ஒவ்வொரு கடையின் பெயரையும் தனித்தனியே பேசி நடிக்கவில்லை. அவருடைய ஒப்புதலோடு, செயற்கை நுண்ணறிவு அவர் முகத்தையும் குரலையும் கொண்டு அவ்வாறு பேசச் செய்தது. 2022ஆம் ஆண்டு கான் விழாவின் உயரிய விருதுகளுள் ஒன்றான டைட்டானியம் விருது இதற்குக் கிடைத்தது.

இவை ஏன் வெற்றி பெற்றன?

இவற்றுக்குப் பொதுவான பண்புகள் மூன்று. முதலாவது, மக்களுக்கு ஒரு வேலை கொடுத்தன: அழைக்க, கத்த, கடைப் பெயரைப் பதிய. இரண்டாவது, மக்கள் இருக்கும் இடத்துக்கே சென்றன. வாகட்டின் அஞ்சல் குறியீட்டு எண் 411057. இந்த எண்ணுக்குள் வசிப்போருக்கு மட்டும் ஒரு விளம்பரத்தைக் காட்டுவது இன்று மிக எளிது. மூன்றாவது, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்தவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தன: ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, பக்கத்துக் கடைக்காரருக்கு ஓர் உதவி.

நான்காவதாக ஒன்று உண்டு. அது இந்த விளம்பரங்கள் செய்யாத செயல். இவற்றுள் எதுவும் நம் ஓடிபியையோ பின் எண்ணையோ கேட்கவில்லை. அவை கேட்டது நம் கவனத்தை மட்டுமே.

சிறு வணிகருக்கு ஒரு கணக்கு

மாவுக்கடைப் பெண்மணியிடம் நாங்கள் சொன்னதும் இதுவே. பெரிய நடிகர் தேவையில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். அவரிடம் ஏற்கெனவே குடியிருப்புவாசிகளின் வாட்ஸ்அப் குழு இருந்தது. “இந்த வாரம் கேழ்வரகு மாவா, கம்பு மாவா?” என்று வாக்கெடுப்பு வைக்கலாம், வென்ற மாவை அரைக்கலாம். செலவு இல்லை, எது எவ்வளவு விற்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்ய விரும்புவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 3,000 ரூபாய் செலவிட்டு 12 புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தனர் என்று கொள்வோம். ஒருவரைப் பெற 250 ரூபாய் செலவாகிறது. ஒரு பொட்டலத்தில் லாபம் 20 ரூபாய் என்றால், அவர் 13 பொட்டலங்கள் வாங்கிய பிறகே விளம்பரச் செலவு மீளும். வாரம் ஒன்று வாங்கினால் மூன்று மாதம். அதுவரை அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் தரம் நம் மாவில் உண்டா என்பதே கேள்வி. விருப்பக்குறிகள் வேறு, விற்பனை வேறு. விருப்பக்குறிகளை நம்பிக் கடன் வாங்கி விளம்பரம் செய்ய வேண்டாம் என்பது எங்கள் பணிவான ஆலோசனை.

அதே கருவி, வேறு கைகள்

பகுதி வாரியாக மக்களைச் சென்றடைதல், விளையாட்டு, புகழ்பெற்றவரின் முகம் ஆகிய இவை அனைத்தும் மோசடிக்காரர்களின் கைகளிலும் உள்ளன. பண்டிகைக் காலத்தில் ‘சக்கரத்தைச் சுழற்றுங்கள், பரிசு வெல்லுங்கள்’ என்று வரும் இணைப்புகள் நல்ல விளம்பரத்தின் உடையைத் திருடி அணிந்தவை. முதல் படியில் சிரிப்பு. இரண்டாம் படியில் பரிசு. மூன்றாம் படியில் ‘அனுப்பும் கட்டணம்’ என்று பின் எண்.

முகங்களும் திருடப்படுகின்றன. ரிசர்வ் வங்கியின் உயரதிகாரிகள் முதலீட்டு ஆலோசனை வழங்குவது போன்ற ‘டீப்ஃபேக்’ காணொளிகள் உலவியதால், அவை பொய்யானவை என்று 2024 நவம்பரில் அவ்வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. தன் அதிகாரிகள் அத்தகைய ஆலோசனை வழங்குவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. ‘இன்னும் ஐந்தே நிமிடம்’ என்ற பொய்யான அவசரமும் அவற்றுள் ஒன்று. பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. எனினும் மோசடிக்காரர் விதியைப் படித்துவிட்டுத் தொழில் செய்வதில்லை. ஆகவே முதல் காவல் நாமே.

பார்த்தவுடன் சோதிக்க

• விளம்பரத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவைப் பாருங்கள். அது இறுதியில் கேட்பது என்ன? கவனமா, ரகசியமா?

• பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பரிசுத் தொகை பெறுவதற்காகப் பின் எண்ணைக் கேட்டால் அது மோசடி.

• பணம் யாருடைய கணக்குக்குச் செல்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் விளம்பரம், தனிநபர் பெயரில் கணக்கு என்றால் அத்துடன் நிறுத்துங்கள்.

• முதலீட்டு ஆலோசகர் பதிவு பெற்றவரா என்பதை செபி இணையதளத்திலும், வைப்புத்தொகை பெறும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ தளத்திலும் சரிபார்க்கலாம்.

• வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க்.இன்’ என்று முடியுமாறு மாற்றப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025இல் பணித்துள்ளது. வங்கியின் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்றும், பரிவர்த்தனை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்றும் தொடங்கும் எண்களே உரியவை.

• ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரத்தைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். எனவே ஒவ்வொரு நிமிடமும் பணம்.

பெரியவரின் கேள்வி

மதுரைப் பெரியவரிடம் அந்தக் காணொளி பொய் என்று நாங்கள் வாதிடவில்லை. “பணத்தை யார் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், ஐயா?” என்று மட்டும் கேட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தார். நடிகரின் பெயரும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. அறிமுகமில்லாத ஒரு தனிநபரின் பெயர் இருந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். இப்போது கண்ணால் காண்பதையும் நம்பக் கூடாதா, தம்பி?” என்று கேட்டார்.

நம்பலாம்; ஆனால் பணம் அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்ப வேண்டும் என்றோம். வைப்புத்தொகை அப்படியே இருக்கிறது. மறுவாரம் தம் குடியிருப்பிலுள்ள மூத்தோர் நால்வரை அழைத்து வந்து, “இவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள்” என்றார். மாவுக்கடை அம்மாள் நடத்திய முதல் வாக்கெடுப்பில் கேழ்வரகு வென்றது. அந்த மாவை வாங்கியவர்களுள் பெரியவரின் மருமகளும் ஒருவர்.

உங்கள் கைப்பேசியில் ஐயத்துக்குரிய விளம்பரம் எதுவும் தென்பட்டால், அதைத் தொடும் முன் எங்களிடம் காட்டுங்கள். எந்தக் கிளையிலும் அதற்குக் கட்டணம் இல்லை.